எஞ்சின் ஏன் கொதிக்கிறது?
பழவேற்காட்டுப் படகுகளில் ஒரு வெப்பக் கணக்கு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு நீண்ட மதிலைப்போல் கிடக்கிறது. அந்த மதிலின் தென்கோடியில், பழவேற்காடு ஊருக்கு அருகே, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் இருக்கிறது.

கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இந்தப் பகுதியில் உள்ளன. ஏரியில் நின்று கடலுக்குப் போகும் படகுகள் இந்த வாய் வழியாகத்தான் சென்று திரும்ப வேண்டும். மணல் திட்டின்மேல் அலைகள் உடைந்து புரளும் இடம் அது. படகின் முகம் அலைக்கு நேராக இருக்கும்வரை ஆபத்து இல்லை. அந்த இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடக்கூடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று நிற்பதற்குள்ள முக்கியமான காரணங்களில் ஒன்று, அது அளவுக்கு மீறிச் சூடாவது. மலைப்பாதையில் ஏறும் மோட்டார் காருக்கும் இதே நோய் வருவதுண்டு. ஆனால், காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கிக்கொள்ளலாம். படகுக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நோய் முற்றுவதற்கு முன்பே அதன் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, அவற்றோடு நீங்கள் பள்ளியில் படிக்கும் ஒரே ஒரு சமன்பாடு ஆகியவை போதும்.

வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும்

எரிபொருளின் ஆற்றல் முழுவதையும் ஓர் எஞ்சினால் வேலையாக மாற்ற முடியாது. வெப்பத்தின் ஒரு பகுதியைக் குளிர்ந்த ஓரிடத்தில் விட்டே தீரவேண்டும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதிப் பங்கு சிலிண்டரின் சுவருக்குள் இறங்குகிறது. இந்த மூன்றாவது பங்குதான் நம் கதைக்கு உரியது.

10 குதிரைத் திறன் என்பது ஏறத்தாழ 7.5 கிலோவாட். எனவே முழுத் திறனோடு ஓடும் 10 குதிரைத் திறன் எஞ்சினின் சுவரிலும் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 7.5 கிலோ ஜூல் வெப்பம் சேருகிறது என்று கொள்ளலாம். இந்த வெப்பத்தை யாரும் எடுத்துச் செல்லாவிட்டால் என்ன ஆகும்? எஞ்சினின் எடை 60 கிலோகிராம் என்றும், அது முழுவதும் இரும்பு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் இரும்பை ஒரு பாகை சூடாக்க 0.46 கிலோ ஜூல் தேவை. 60 கிலோகிராமுக்கு 27.6 கிலோ ஜூல். அப்படியானால் விநாடிக்குக் கால் பாகைக்கு மேல் வெப்பநிலை ஏறும். ஆறே நிமிடத்தில் 100 பாகை உயர்ந்துவிடும்!

உயர்ந்தால் என்ன? பல எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியம் 100 பாகைக்கு 0.18 மில்லிமீட்டர் விரியும். அதே அளவுள்ள வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளியும் இதைப் போன்ற நுண்ணிய அளவுதான். அந்த இடைவெளி மறைந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். உலோகம் உலோகத்தைக் கவ்வும். எஞ்சின் இறுகி நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘பிஸ்டன் ஜாம்’ என்கிறார்கள்.

காரில் ஒரு வழி, படகில் ஒரு வழி

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் முதல் மோட்டார் வண்டியில் நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக வெளியேற்றித்தான் எஞ்சினைக் குளிர்வித்தார்கள். வழியில் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வு கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் வடிவமைத்து 1901இல் வெற்றி கண்ட மெர்சிடஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. சிறிதளவு நீரே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து, எஞ்சினின் வெப்பத்தை அங்கே காற்றிடம் ஒப்படைத்தது. இன்றைய கார்களும் இந்த வழியையே பின்பற்றுகின்றன.

படகு நீரின்மேலேயே மிதக்கிறது. எனவே அதற்கு ரேடியேட்டர் தேவையில்லை என்று நினைக்கத் தோன்றும். மீன்பிடி படகுகளில் காற்றால் குளிரும் எஞ்சின்களும் உண்டு. நீரால் குளிரும் எஞ்சின்களும் உண்டு. இரண்டாம் வகையில் பலவற்றில் ஒரு பம்பு வெளிநீரை உறிஞ்சுகிறது. அந்த நீர் சிலிண்டரைச் சூழ்ந்துள்ள உறைக்குள் ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஏரியிலோ கடலிலோ விழுகிறது. உள்ளே போவது எப்போதும் புதிய நீர். எளிய ஏற்பாடுதான். ஆனால், வெளிநீரில் உள்ள அத்தனையும் எஞ்சினுக்குள்ளும் போகிறது. தொல்லை தொடங்குவது இங்கேதான்.

வரவும் செலவும்

நீர் எடுத்துச் செல்லும் வெப்பத்தைக் கணக்கிடும் வழி உங்களுக்குத் தெரிந்ததே: நீரின் நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு. நம் எஞ்சின் நிமிடத்திற்கு 450 கிலோ ஜூல் வெப்பத்தை நீரிடம் தருகிறது. நீர் நிமிடத்திற்கு 10 லிட்டர் ஓடுகிறது. தன்வெப்பம் 4.2 என்று கொண்டால் வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ 11 பாகை. 30° செல்சியஸில் உள்ளே போகும் நீர் 41° செல்சியஸில் வெளியே வரும். இது ஆரோக்கியமான எஞ்சினின் கணக்கு.

உப்பு நீர் என்பதால் குளிர்ச்சி குறையுமா என்று நீங்கள் கேட்கலாம். கடல் நீரின் தன்வெப்பம் ஏறத்தாழ 4.0. நன்னீரைவிடச் சிறிதே குறைவு. அதன் கொதிநிலை அரைப் பாகை அளவு அதிகம். இந்த வேறுபாடுகளால் எந்த எஞ்சினும் கெடுவதில்லை.

இப்போது எஞ்சின் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு மூன்று இடங்களில்தான் பிசகியிருக்க முடியும். ஓடும் நீர் குறைந்திருக்கலாம். சுவரிலிருந்து நீருக்கு வெப்பம் போகும் வழி அடைபட்டிருக்கலாம். அல்லது எஞ்சின் வழக்கத்தைவிட அதிக வெப்பத்தை உண்டாக்கலாம். இவற்றுள் எது என்பதை நீரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

படகு வழக்கமான வேகத்தில் ஓடும்போது, வெளியேறும் நீரை ஒரு வாளியில் பிடியுங்கள். வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளி நீரின் வெப்பநிலையையும் வெளிநீரின் வெப்பநிலையையும் அளவிடுங்கள். சில எஞ்சின்களில் நீர் புகையோடு கலந்து வெளியேறும். அவற்றில் இந்தச் சோதனை பயன்படாது. மூன்று படகுகளில் கிடைத்த அளவுகளாக இவற்றைப் பாருங்கள். மூன்றிலும் உள்ளே போகும் நீர் 30° செல்சியஸ்.

முதல் படகு: நிமிடத்திற்கு 4 லிட்டர், வெளியேறும் நீர் 57° செல்சியஸ்.
இரண்டாம் படகு: நிமிடத்திற்கு 10 லிட்டர், வெளியேறும் நீர் 41° செல்சியஸ். ஆயினும் எஞ்சின்மேல் தெளித்த துளி நீர் ‘சுர்’ரென்று சீறுகிறது.
மூன்றாம் படகு: நிமிடத்திற்கு 10 லிட்டர், வெளியேறும் நீர் 46° செல்சியஸ்.

முதல் படகில் 4 × 4.2 × 27 என்பது ஏறத்தாழ 450. வெப்பம் வழக்கமான அளவுதான், நீர்தான் குறைந்துவிட்டது. மூன்றாம் படகில் 10 × 4.2 × 16 என்பது 672. நீர் சரியாக ஓடுகிறது. எஞ்சின் ஒன்றரை மடங்கு வெப்பத்தைக் கக்குகிறது. இரண்டாம் படகு சற்று விந்தையானது. வெளியேறும் நீர் ஆரோக்கியமான எஞ்சினின் நீரைப் போலவே இருக்கிறது. பிறகு எஞ்சின் மட்டும் ஏன் கொதிக்கிறது?

இதற்கு விடை பழவேற்காடு ஏரியிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறு முதலிய ஆறுகள் ஏரிக்கு நீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் மணல் மூடிக் குறுகியிருந்தால் என்ன ஆகும்? ஏரியின் மட்டம் ஏறும். போதிய அளவு ஏறியதும் அதே குறுகிய வாய் வழியாக, வருகிற நீர் முழுவதும் வேகமாக வெளியேறத் தொடங்கும். வெளியேறும் அளவு பழைய அளவுதான். ஆனால், உள்ளே மட்டம் உயர்ந்து நிற்கிறது. வெப்பமும் இப்படித்தான். சுவருக்கும் நீருக்கும் இடையே தடை கூடினால், சுவரின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அதே 450 கிலோ ஜூல் அந்தத் தடையைத் தாண்டும் அளவுக்கு ஏறிய பிறகுதான் நிற்கும். நீருக்கு வந்துசேரும் வெப்பம் மாறுவதில்லை. ஆகவே வெளியேறும் நீரை மட்டும் தொட்டுப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று சொல்பவர் ஏமாந்துபோவார்.

குற்றவாளிகள் யார்?

முதல் படகின் குற்றவாளி பெரும்பாலும் சேறு. பழவேற்காடு ஏரி மிக ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஓடும் படகின் புரொப்பெல்லர் அடியிலுள்ள சேற்றைக் கலக்கிவிடுகிறது. பம்பு அதை உறிஞ்சுகிறது. நீர்ப்பாசி, வலை நூல், பிளாஸ்டிக் பை ஆகியவை உறிஞ்சு துளையின் சல்லடையை மூடுவதும் உண்டு. பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்களை மணல் தேய்த்துவிடும். அந்த இதழ்களுக்கு நீரே மசகு எண்ணெய் போன்றது. நீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே அவை உராய்வினால் கருகிவிடும். ஆகவே கரையில் தூக்கி வைத்த எஞ்சினை ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்று வெறுமனே ஓட்டிப் பார்ப்பது நல்லதல்ல.

இரண்டாம் படகின் குற்றவாளி கல்படிவு. உடனே நம் கை சாப்பாட்டு உப்பைச் சுட்டிக்காட்டும். ஆனால், அது நிரபராதி. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் சாப்பாட்டு உப்பு கரையும். கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்தே 35 கிராம் அளவுதான். நீர் முழுவதும் ஆவியாகிப் போனாலன்றி அது படியாது. உண்மையில் படிவது சுண்ணாம்புச் சத்து. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறினால் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் காணும் வெள்ளைப் படிவு இதுவே. கால்சியம் சல்பேட்டும் சூடான நீரில் குறைவாகவே கரையும். வழக்கமான உப்புகளுக்கு நேர்மாறான குணம் இது!

ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கல்படிவு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள வார்ப்பிரும்பு அளவுக்கு வெப்பத்தைத் தடுத்துவிடும். இந்தப் படிவு ஏறத்தாழ 60° செல்சியஸுக்கு மேல் விரைவாக உண்டாகும். அதனால்தான் கடல் நீரை நேராகச் சுற்றவிடும் எஞ்சின்களை அந்த வெப்பநிலைக்கு மேல் போகாமல் ஓட்டுகிறார்கள்.

சேற்றின் குற்றமும் படிவின் குற்றமும் கைகோத்துக்கொள்வதை இங்கே காணலாம். சேறு அடைத்து நீரின் ஓட்டம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால், 30° செல்சியஸில் நுழையும் நீர் 73° வரை சூடாகும். அந்த வெப்பநிலையில் கல் படியும். கல் படிந்தால் நீர்ப்பாதை குறுகும். பாதை குறுகினால் ஓட்டம் இன்னும் குறையும். நீர் இன்னும் சூடாகும். இன்னும் கல் படியும். ஒருநாள் சல்லடையைக் கழுவாமல் விட்டதன் பலன் மாதக்கணக்கில் வளர்கிறது.

மூன்றாம் படகின் குற்றவாளி சுமை. புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். படகின் அடியில் கொட்டலசு ஒட்டி வளர்ந்து, வழவழப்பான உடலைச் சொரசொரப்பாக்கியிருக்கலாம். தாழ்ந்த நீரில் படகு சேற்றை உழுதுகொண்டு போகலாம். டீசல் தெளிக்கும் நேரம் பிசகியிருந்தாலும் வெப்பம் கூடும். புகைபோக்கியிலிருந்து கரும்புகை வருவது அளவுக்கு மீறிய சுமைக்கு நல்ல அடையாளம்.

ஏரியின் பருவமும் எஞ்சினின் நோயும்

ஏரியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவருகின்றன. உப்பின் அளவு வெகுவாகக் குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகிறது. முகத்துவாரமும் மூடிக்கொண்டால் ஏரி நீரின் உப்பு கடல் நீரையும் மிஞ்சிவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் எஞ்சின் சூடானால் சல்லடையையும் பம்பையும் முதலில் பார்ப்பது அறிவுடைமை. சித்திரை, வைகாசியில் சூடானால் கல்படிவையும் சேர்த்து ஐயப்பட வேண்டும்.

மோட்டார் காரிலும் ‘எப்போது சூடாகிறது?’ என்ற கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடும். நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் தணிந்தால் விசிறியில் குறை இருக்கலாம். ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டரில் மோதுகிறது அல்லவா? நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடானால் நீர் சுற்றவே இல்லை என்று ஐயுறலாம்: நீர் ஒழுகிப் போயிருக்கும், பம்பு நின்றிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறக்காமல் சிக்கியிருக்கும்.

செய்யத் தக்கவை, தகாதவை

கொதிக்கும் காரின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மூடிக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். அந்த அழுத்தத்தில் நீர் 120° செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவி, தான் இருந்த நீரைவிட ஆயிரத்து அறுநூறு மடங்கு இடத்தை அடைப்பது. எதிரே நிற்பவரின் முகம் வெந்துவிடும்.

காய்ந்த எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. வெளிப்பக்கம் சட்டென்று சுருங்கும். உட்பக்கம் விரிந்தே இருக்கும். வார்ப்பிரும்பு வெடித்துவிடலாம். சுமையைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தி, தானாக ஆறவிடுவதே முறை.

கடலிலிருந்து திரும்பியதும் சில நிமிடங்கள் நன்னீரை எஞ்சினுக்குள் ஓடவிட்டால் உப்பும் சேறும் வெளியேறிவிடும். நல்ல தண்ணீர் அருமையாக இருக்கும் கடற்கரை ஊர்களில் இது எளிதல்ல. ஆனால், சல்லடையை நாள்தோறும் கழுவுவதற்கு ஒரு கைப்பிடி நீர் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் நலமாக இருக்கும் நாளில் வாளிச் சோதனையைச் செய்து, அந்த அளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மருத்துவருக்கு 98.4 என்ற எண் தெரிந்திருப்பதால்தானே காய்ச்சலைக் கண்டுபிடிக்க முடிகிறது? நலமான எண் தெரியாதவரால் நோயுற்ற எண்ணைப் படிக்க முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ கிடைக்கும் கிளிஞ்சல் துண்டு ஒன்றை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். எழும் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு. கிளிஞ்சலும் எஞ்சினுக்குள் படியும் கால்சியம் கார்பனேட்டும் ஒரே பொருளே. மென்மையான அமிலத்தால் அதைக் கரைக்க முடியும் என்பதும் இதனால் விளங்கும்.

2. நாம் கணக்கிட்ட அதே எஞ்சின் பொருத்திய ஒரு படகு, சித்திரை மாதத்தில் சூடாகிறது. 10 லிட்டர் வாளி நிரம்ப 2 நிமிடம் ஆகிறது. ஏரி நீர் 32° செல்சியஸ். வாளி நீர் 53.5° செல்சியஸ். ‘அடியில் கொட்டலசு பிடித்துவிட்டது, கரையேற்றிச் சுரண்ட வேண்டும்’ என்கிறார் படகுக்காரர். ‘பம்பைக் கழற்றிப் பார்ப்போம்’ என்கிறார் மெக்கானிக். முகத்துவாரத்தைத் தாண்டுவதற்கு முன் இருவரில் யார் சொல்வதைக் கேட்பீர்கள்? கணக்கிட்டுச் சொல்லுங்கள்.